மேலே போ! ஆகாயச் சண்டை கற்றுக்கொண்ட கதை

மலர்க் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்து, "கட்டுரை ஒண்ணு எழுதிக் குடுப்பா. வரலாறா இருக்கட்டும், ஆனா ராஜா ராணி கதை வேணாம்" என்றார். எனக்கு வரலாறு தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஹாஸ்டலில் என்னோடு அறையில் இருந்தவர்கள் இந்நேரம் யூகித்திருப்பார்கள். ஆமாம், அதேதான். ராத்திரி இரண்டு மணிக்கு இயர்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஓட்டிய அந்தச் சண்டை விமானங்கள். மூன்றாம் செமஸ்டரில் எனக்கு விழுந்த அரியருக்கும் அவற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை இங்கே பேசப்போவதில்லை!

இரண்டு விமானங்கள் வானத்தில் நேருக்கு நேர் மோதுவதை ஆங்கிலத்தில் 'டாக்ஃபைட்' என்பார்கள். தமிழில் நாய்ச்சண்டை. நம்ம தெருவில் இரண்டு நாய்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கச் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். விமானத்தில் துப்பாக்கி மூக்கை ஒட்டி, முன்னே பார்த்தபடி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். எனவே எதிரியின் வாலுக்குப் பின்னால் போய் நிற்பவன் சுடலாம். முன்னால் மாட்டியவன் சுட முடியாது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை ஒருவன் கற்றுக்கொள்வது எப்படி? சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது விழுந்தால் முட்டி பெயரும். இதில் விழுந்தால்? கற்றுக்கொள்ளும்போது செய்கிற தப்புக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான் இந்தக் கலையின் வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

என் முதல் பாடம் தண்டையார்பேட்டையில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், காத்தாடியில் ஆரம்பித்தது. வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். கோடை விடுமுறையில் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு மேல் கடல் காற்று எழும்பும். கிழக்கேயிருந்து வருகிற காற்று, காத்தாடிகளை மேற்கே கொருக்குப்பேட்டை ரயில்வே யார்டு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். நான்கு மாடியில் நான்கு காத்தாடி ஏறினால் அடுத்தது 'டீல்' தான். ஒருவன் நூல்மேல் இன்னொருவன் நூலைப் போட்டு அறுப்பது. இந்த டீலுக்கும் பேரம் பேசுகிற டீலுக்கும் சம்பந்தமில்லை. இந்தியில் நூலைத் தளர விடுவதற்கு இதே ஓசையில் ஒரு சொல் உண்டு. அது இங்கே வந்து சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

பக்கத்து மாடியில் ஒரு அண்ணன். லாரி ஷெட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் காத்தாடி ஏறினால் மற்றவர்கள் இறக்கிவிடுவார்கள். எனக்கு டீல் விழுந்தபோதெல்லாம் பயத்தில் நூலைப் பிடித்து இழுப்பேன். அறுந்து போகும். ஒருநாள் அவர் அந்த மாடியிலிருந்து கத்தினார்: "டேய், இன்னாத்துக்குடா இழுக்கறே? மேல போ, மேல போ... இப்ப வுடு... வுடுடா நூலை!" விட்டேன். எதிராளி நூல் அறுந்தது. ஏன் என்று அப்போது தெரியாது. பிற்பாடு யோசித்தபோது விளங்கியது. ஓடுகிற நூலில் உராய்வு நூறு அடி நீளத்துக்குப் பரவிவிடும். நிற்கிற நூலில் அதே உராய்வு ஒரே இடத்தில் விழுந்து அறுத்துவிடும். ஆனால் நூலை ஓட விட வேண்டுமானால், விடுவதற்கு முதலில் கையில் நூல் இருக்க வேண்டும், காத்தாடியும் உயரத்தில் இருக்க வேண்டும். கையிருப்பு உள்ளவன்தான் தாராளமாக விட முடியும்.

இந்தக் கையிருப்புக் கணக்கை நிஜ விமானச் சண்டைக்காரர்கள் கண்டுபிடிக்க எத்தனை உயிர் போயிற்று என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் உலகப் போரில் விமானிகளுக்குச் சண்டை போடச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. யாருக்கும் தெரியாதே! போய் வந்தவன் கற்றுக்கொண்டான், வராதவன் வரவில்லை. ஜெர்மனியின் ஆஸ்வால்ட் போல்கே என்ற இளைஞர்தான் 1916-ல் முதன்முதலாக உட்கார்ந்து விதிகள் எழுதினார். தாக்குவதற்கு முன்பே சாதகத்தைச் சேர்த்துக்கொள். முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். ஆரம்பித்த தாக்குதலைப் பாதியில் விடாதே. கிட்டத்தில் போய்ச் சுடு. எதிரியைக் கண்ணிலிருந்து விடாதே. பின்னாலிருந்து தாக்கு. மேலிருந்து எவனாவது பாய்ந்தால் ஓடாதே, அவனை எதிர்கொண்டு திரும்பு. கூட்டமாகப் போகும்போது இரண்டு பேர் ஒரே எதிரியைத் துரத்தாதீர்கள். இதுதான் சாரம். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், இன்று கம்ப்யூட்டரில் விளையாடுகிற பையனுக்கும் முதலில் சொல்லித் தருவது இதையேதான்.

1916 அக்டோபர் 28-ம் தேதி போல்கேயும் அவருடைய அணித் தோழர் ஒருவரும் ஒரே எதிரி விமானத்தைத் துரத்தினார்கள். இரண்டு பேர் விமானமும் லேசாக உரசிக்கொண்டன. போல்கேயின் இறக்கை சேதமாகி விழுந்து இறந்தார். வயது 25. கணக்கில் 40 வெற்றிகள். தான் எழுதிய கடைசி விதியிலேயே மாட்டிக்கொண்டார் பாவம்.

அதே போரில் நம் நாட்டுப் பையன் ஒருவரும் உண்டு. கல்கத்தாவில் 1898-ல் பிறந்த இந்திரலால் ராய். லண்டனில் பள்ளிப் படிப்பு முடித்து பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள். ஜூலை 22-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். அவருக்கு அப்போது 19 வயது. நாமெல்லாம் அந்த வயதில் இரண்டாம் ஆண்டு கேன்டீனில் உட்கார்ந்து அட்டெண்டென்ஸ் சதவீதம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இனி கொஞ்சம் இஞ்சினியரிங். பயப்படாதீர்கள், ஒரே ஒரு சமன்பாடுதான். கொரியப் போர்க் காலத்தில் சேபர் ஜெட் ஓட்டிய ஜான் பாய்ட் என்ற அமெரிக்க விமானி, பிறகு ஜார்ஜியா டெக்கில் இஞ்சினியரிங் படித்தார். தெர்மோடைனமிக்ஸ் படிக்கும்போது அவருக்கு ஒரு பொறி தட்டியது. சண்டையை வளைவு, திருப்பம், சாகசம் என்று பார்க்காமல் ஆற்றல் கணக்காகப் பார்த்தால் என்ன? 1960-களின் தொடக்கத்தில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணித நிபுணரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் ராணுவக் கம்ப்யூட்டரில் நேரம் திருடிக் கணக்குப் போட்டார். (ராத்திரியில் லேப் கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கை தூக்க வேண்டாம்.)

உயரம் ஒரு கையிருப்பு. வேகமும் ஒரு கையிருப்பு. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளலாம். வேகத்தின் இருமடியை இரண்டு 'ஜி'யால் வகுத்தால், அந்த வேகம் எத்தனை மீட்டர் உயரத்துக்குச் சமம் என்று கிடைக்கும். மணிக்கு 720 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறவன் பாக்கெட்டில் சுமார் 2,000 மீட்டர் உயரம் இருக்கிறது என்று அர்த்தம். அதே ஆள் ஆத்திரத்தில் சுற்றிச் சுற்றி வளைந்து வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால், கையிருப்பும் பாதியாகும் என்று நினைப்போம். இல்லை, கால்வாசிதான் மிஞ்சும். 500 மீட்டர் சொச்சம். விமானத்தின் உந்துவிசையிலிருந்து காற்றின் இழுவையைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்தால் அவன் இழந்ததை எவ்வளவு சீக்கிரம் திரும்பச் சம்பாதிப்பான் என்று தெரியும். பாய்டின் கணக்கு இதுதான். எந்த விமானம் எந்த வேகத்தில், எந்த உயரத்தில் எதை ஜெயிக்கும் என்று இதை வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். பக்கத்து மாடி அண்ணன் ஜார்ஜியா டெக் போகாமலே "மேல போ" என்று கத்தியது இதைத்தான்.

நம்முடைய விமானப் படைக்கு இந்தப் பாடம் 'நாட்' என்ற குட்டி விமானத்தின் மூலம் வந்தது. பிரிட்டிஷ் வடிவமைப்பு, பெங்களூர் எச்.ஏ.எல். தயாரிப்பு. காலி எடையில் அன்றைய பாகிஸ்தானின் சேபரில் பாதிகூட இல்லை. தாழ்ந்த வேகத்தில் சுற்றி வளைவதில் சேபர் கெட்டி. அதோடு வட்டமடித்துச் சண்டைக்குப் போனால் நாட் மாட்டிக்கொள்ளும். ஆனால் சட்டென்று வேகம் பிடிப்பதிலும் மேலேறுவதிலும் நாட்டை எட்ட முடியாது. சின்னதாக இருப்பதால் கண்ணிலும் சீக்கிரம் படாது. ஆகவே தன் பலம் எதுவோ அந்த இடத்துக்குச் சண்டையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதைப் போருக்கு முன்பே பேசி, பழகி வைத்திருந்தார்கள்.

1965 செப்டம்பர் 3-ம் தேதி மிஸ்டியர் விமானங்களை மேலே தூண்டிலாகப் பறக்கவிட்டு, நாட் விமானங்களைத் தரையை ஒட்டித் தாழ்வாக ஓட்டிக்கொண்டு போனார்கள். சேபர்கள் தூண்டிலைத் தேடி வந்தன. அன்று ஒரு சேபரை வீழ்த்தியதாக டிரெவர் கீலருக்கு வீர் சக்கரம் கிடைத்தது. அந்த சேபர் அடிபட்டுத் தளம் திரும்பிவிட்டது என்று பாகிஸ்தான் தரப்பு சொல்கிறது. அதே நாளில் நம் நாட் ஒன்று வழி தவறி பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்டது. அது இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வரலாறு எழுதும்போது இதையும் எழுத வேண்டும் அல்லவா?

1971 நவம்பர் 22-ம் தேதி நடந்தது இன்னும் தெளிவான கதை. போர் முறைப்படி அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாட்கள். கிழக்கு வங்க எல்லையில் பாய்ரா என்ற இடத்தில் சேபர்கள் தரைப் படையைத் தாக்கிக்கொண்டிருந்தன. டம்டம் தளத்திலிருந்து நான்கு நாட் விமானங்கள் கிளம்பின. ஓட்டியவர்கள் மாஸி, கணபதி, சோரெஸ், லாஸரஸ். தரைக்குப் பாய்ந்து தாக்கிவிட்டு மேலேறும் சேபரிடம் அந்த நேரத்தில் வேகமும் இருக்காது, உயரமும் இருக்காது. கையிருப்பு காலி. அந்த நொடியில் நாட்கள் பின்னால் வந்து நின்றன. சில நிமிடங்களில் மூன்று சேபர்கள் அடிபட்டன. இரண்டு விமானிகள் குதித்துப் பிடிபட்டார்கள். மூன்றாவது ஆள் அடிபட்ட விமானத்தோடு தளம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது பாகிஸ்தான் கணக்கு. மாஸி, கணபதி, லாஸரஸ் மூவருக்கும் வீர் சக்கரம்.

பிடிபட்டவர்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. 1997-ல் அவர் பாகிஸ்தான் விமானப் படைத் தளபதி ஆனார். பணியிலிருந்து ஓய்வு பெற்று நம் குன்னூரில் குடியேறிய டொனால்ட் லாஸரஸ், 'நாம் ஒருமுறை ஆகாயத்தில் சந்தித்திருக்கிறோம்' என்கிற மாதிரி நினைவூட்டி அவருக்கு வாழ்த்துக் கடிதம் போட்டார். பதிலும் வந்தது! நான் இந்த விஷயத்தைப் படித்த அன்று ஹாஸ்டலில் ஒருத்தரையும் தூங்க விடவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற விமானப் படைப் பள்ளி, 1954 முதல் தாம்பரத்தில்தான் இருக்கிறது. பீச் ஸ்டேஷனில் ஏறினால் ஒரே டிரெயின். அந்த ரயிலில் எத்தனை முறை போயிருப்போம், ஒருத்தருக்காவது தெரியுமா?

சொல்லிக்கொடுப்பதன் மகிமைக்கு அமெரிக்கக் கடற்படையின் கணக்கு ஒன்று போதும். வியட்நாம் போரின் முதல் பாதியில் தாங்கள் ஒரு விமானம் இழந்தால் எதிரியின் இரண்டரை விமானத்தைத்தான் வீழ்த்த முடிந்தது. என்ன கோளாறு என்று ஃபிராங்க் ஆல்ட் என்ற அதிகாரி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அதன்பேரில் 1969 மார்ச்சில் மிராமர் தளத்தில் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். 'டாப் கன்' சினிமாவில் வருவது அதுதான். எதிரி விமானம் மாதிரி வளைகிற சிறிய விமானத்தைத் தங்கள் ஆளே ஓட்டி, மாணவனோடு சண்டை போடுவார். இறங்கியதும் கரும்பலகையில் முழுச் சண்டையையும் திரும்ப வரைந்து, எந்த நொடியில் யார் என்ன தப்பு செய்தார் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். போரின் பிற்பகுதியில் அந்த விகிதம் 12-க்கு மேல் போயிற்று. இயந்திரம் பெரும்பாலும் பழையதுதான். தோற்று, தோற்றதைப் பேசி, உயிரோடு வீட்டுக்குப் போக ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே.

அந்த இடத்தை நம் மேஜைக்குக் கொண்டுவந்ததுதான் சிமுலேட்டர். அதன் பூர்வீகம் வேடிக்கையானது. அமெரிக்காவில் ஆர்கன் வாத்தியம் செய்கிற குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க், வாத்தியத்தின் துருத்திகளை வைத்து 1929-ல் ஆடி அசைகிற ஒரு பொம்மை விமானம் செய்தார். முதலில் வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். 1934-ல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. 1980 வாக்கில் புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் கம்ப்யூட்டரில் வெறும் கோடுகளால் வரைந்த விமானத்தைப் பறக்கவிட்டார். அதிலேயே முதல் உலகப் போர்ச் சண்டை ஒன்றும் இருந்தது. 1980-களின் கடைசியில் 'ஏர் வாரியர்' என்ற விளையாட்டில் டெலிபோன் கம்பி வழியாக, முகம் தெரியாத மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். மணிக்கு இத்தனை டாலர் என்று கட்டணம். 2001-ல் ரஷ்யாவிலிருந்து 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' வந்தது. என்னைக் கெடுத்தது அதுதான்.

தண்டையார்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து முதன்முதலில் ஓட்டினேன். எல்லோரையும் போல நானும் எதிரியைப் பார்த்த உடனே ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுத்தேன். திரும்பு, திரும்பு, இன்னும் திரும்பு. வேகம் போய், விமானம் நடுங்கி, பின்னால் வந்தவன் நிதானமாகச் சுட்டான். இரண்டு மாதம் இதே கதை. பஸ் பாஸ் காசெல்லாம் அங்கேதான் போயிற்று. ஒருநாள் சண்டையைப் பதிவு செய்து திரும்பப் பார்க்கிற வசதி இருப்பதைக் கவனித்தேன். என் விமானத்தை எதிரியின் இருக்கையிலிருந்து பார்த்தேன். அடடா! நான் கீழே, மெதுவாக, ஒரே வட்டத்தில். அவன் என்னோடு வளையவே இல்லை. நான் வளையும்போது அவன் மூக்கைத் தூக்கி மேலே போகிறான். வேகம் உயரமாக மாறுகிறது. மெதுவானதால் அவனுடைய வளைவு சின்னதாகிறது. உச்சியில் கவிழ்ந்து என் வட்டத்துக்கு உள்ளே விழுகிறான், போன வேகம் திரும்பக் கைக்கு வருகிறது. இதற்கு 'ஹை யோ-யோ' என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. எனக்கு அன்று காதில் விழுந்தது பக்கத்து மாடிக் குரல்தான். "இன்னாத்துக்குடா இழுக்கறே?"

ஹாஸ்டலுக்கு வந்த பிறகு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து லேனில் ஆடினோம். ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஒரு சண்டை ஆடினால் அதை இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது, செத்தவன்தான் முதலில் பேசுவது. வேறு எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. இதிலேயே ஆறு மாதத்தில் வெளி ஆட்களோடு ஆன்லைனில் நின்று ஆடும் அளவுக்குத் தேறினோம்.

சிமுலேட்டருக்கும் ஒரு குறை இருக்கிறது. பயம் இல்லை. நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு வந்து சுடுவது நிஜப் பயிற்சியில் தடை செய்யப்பட்டது, மோதினால் இரண்டு பேரும் காலி. ஸ்கிரீனில் அதைப் பற்றி யாருக்கென்ன கவலை? 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் சிமுலேட்டரில் ஒரு போட்டி வைத்தார்கள். கோடிக்கணக்கான முறை தனக்குத்தானே ஆடிப் பழகிய கம்ப்யூட்டர் நிரல், அனுபவமுள்ள எஃப்-16 விமானி ஒருவரை 5-0 என்று தோற்கடித்தது. எப்படி? பெரும்பாலும் அந்த மூக்கோடு மூக்கு வித்தையால்தான். சாவு என்றால் என்னவென்று தெரியாத மாணவன் அது. 2023-ல் அதே ஆராய்ச்சியை நிஜ விமானத்தில், பாதுகாப்புக்கு ஆளை உட்காரவைத்துச் செய்து பார்த்தபோது, இடைவெளி விதிகளை அதற்குள் கறாராகப் புகுத்த வேண்டியிருந்தது.

விலை என்று ஆரம்பித்தேன். காத்தாடிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் விலை கொடுத்தது நாங்கள் இல்லை. டீலில் ஜெயிக்க நூலுக்கு மாஞ்சா போடுவோம். வஜ்ஜிரமும் கண்ணாடித் தூளும் சாயமும் கலந்து காய்ச்சி, இரண்டு கம்பத்துக்கு நடுவே நூலைக் கட்டித் துணியால் இழுத்துத் தடவுவது. உடைந்த டியூப் லைட்டைப் பொடிசெய்து சலித்த கை இது. அறுந்த நூல் எங்கே போய் விழுகிறது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. கடல் காற்று மேற்கே தள்ளும் என்று சொன்னேனே, அங்கே தெருவும் மேம்பாலமும் பைக்கில் போகிற ஜனங்களும் இருந்தார்கள். பிறகு பருத்தி நூல் போய், எளிதில் அறுபடாத நைலான் வந்தது. 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. சென்னையில் போலீஸ் தடையும் இருந்தது. இருந்தும் 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டை மேம்பாலத்தில், அப்பா அம்மாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை மாஞ்சா நூல் அறுத்துவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை.

அந்தச் செய்தியைப் படித்த அன்று பக்கத்து மாடி அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது அவருக்குத் தலை நரைத்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம நூலு எங்க வுழுந்துதோ, யாருக்குத் தெரியும்பா" என்றார். எனக்கும் பதில் இல்லை.

போன பொங்கலுக்கு அவர் பேரனை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். பையனுக்கு ஏழாம் வகுப்பு. காத்தாடி வேண்டும் என்று அடம். என் பழைய ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தேன். எதிரியைப் பார்த்ததும் ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்தான். பதினோரு முறை விழுந்தான். சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"டேய், இன்னாத்துக்குடா இழுக்கறே? மேல போ!"